நோட்டீஸ் ஒட்டிய கதவிலிருந்து ஒரு கவிதை

கேள்வி இதுதான்: "வயது 20. வியாசர்பாடியில் கால்வாய் ஓரம் எங்கள் வீடு. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கவிதை எழுதிப் பார்க்கிறேன். பகலில் எழுதினால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. ராத்திரி எழுதினால் வெறும் அழுகையாக இருக்கிறது. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?"

தம்பி, பகலில் வருவதை ஒரு நோட்டிலும் ராத்திரி வருவதை இன்னொரு நோட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதில்.

வழி காட்டியவர் உங்கள் பக்கத்திலேயே வாழ்ந்தவர். வள்ளலார் வளர்ந்தது வடசென்னை ஏழுகிணற்றில், வீராசாமித் தெருவில். கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்து நடந்து பாடியவர், 1867-இல் வடலூரில் தருமச்சாலை திறந்து பசித்தவருக்கு உலை வைத்தார். அவருடைய 'வாடிய பயிரை' பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். நான்கு வரியையும் பாருங்கள்:

வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன் பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என் நேர்உறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ் சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்

நான்கு முறை காண்கிறார். காணும்போதெல்லாம் அவர் உடம்பில் ஒன்று நடக்கிறது: வாடினேன், பதைத்தேன், துடித்தேன், இளைத்தேன். இன்னும் உற்றுப் பார்த்தால், வாடியது பயிர், உடனே இவர் வாடுகிறார். இளைத்தவர் மானமுள்ள ஏழை, உடனே இவர் இளைக்கிறார். அவர்களுடைய வினைச்சொல்லையே எடுத்துத் தன்மீது போட்டுக்கொள்கிறார். அநியாயம் என்ற சொல் இந்த நான்கு வரியில் எங்கும் இல்லை. உங்கள் பகல் கவிதையில் கண்டது மட்டும் இருக்கிறது. ராத்திரிக் கவிதையில் துடித்தது மட்டும் இருக்கிறது. கண்டதும் துடித்ததும் ஒரே வாக்கியத்தில் வரும்போதுதான் கேட்பவருக்கும் துடிக்கும்.

இதைக் கையால் செய்து பார்ப்போம். பகல் நோட்டில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும்:

ஏழையின் குடிசையை இடிக்கும் கரங்களே
எரிமலை வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை

வியாசர்பாடியில் எரிமலை கிடையாது. இந்த இரண்டு வரியை எந்த ஊர்ச் சுவரிலும் ஒட்டலாம், எந்த வருடத்திலும் ஒட்டலாம். 'கரங்கள்' என்று சொன்னதும் யாருடைய கை என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. சம்பந்தப்பட்டவர்களே கைதட்டிவிட்டுப் போகலாம். ராத்திரி நோட்டில் 'என் இதயம் நொறுங்குகிறது, யாருமில்லை எனக்கு' என்று இருக்கும். அது உண்மைதான். ஆனால் காதல் தோல்விக்கும் இதே வரி, பரீட்சைத் தோல்விக்கும் இதே வரி. எதனால் நொறுங்கியது என்று அதில் இல்லை.

மூன்றாவதாக இப்படி எழுதிப் பார்க்கலாம்:

கதவுல ஒட்டின நோட்டீச
தண்ணி தெளிச்சி மெதுவா உரிக்கிறா அம்மா.
கிழிஞ்சிடக் கூடாதாம்.
ரேஷன் கார்டுக்கு அடியில வைக்கணுமாம்.
பசை காயாத எடத்துல
என் வெரல் ஒட்டிக்கிச்சி.
சோறு துன்னும்போதும்
அதே வாசம்.

இதில் கோபம் என்ற சொல் இல்லை, வறுமை என்ற சொல் இல்லை. தன்னை வெளியேற்ற வந்த காகிதத்தையே தான் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகப் பத்திரப்படுத்துகிறாள் ஒரு தாய். காகிதம் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசி மூன்று வரிகள் ராத்திரி நோட்டின் வேலையைச் செய்கின்றன: நோட்டீஸ் உடம்புக்குள் இறங்கிவிட்டது. இதற்கு அளவு கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: ஒரு பொருள், ஒரு செயல், உடம்பில் ஓர் இடம். முதல் வரைவில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடுங்கள். எது இல்லையோ அங்கேதான் கோஷமோ புலம்பலோ உட்கார்ந்திருக்கும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நம் பழைய புலவர்கள் கெட்டிக்காரர்கள். புறநானூறு 164-இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்று தொடங்குகிறார். எத்தனை நாள் பட்டினி என்று எண்ணிச் சொல்லவில்லை. காளான் முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவனே கணக்குப் போட்டுக்கொள்வான். அடுத்து, பால் இல்லாத முலையைச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள், அவள் துயரத்தைக் கணவன் பார்க்கிறான். பார்வை ஒருவரிலிருந்து ஒருவருக்குக் கைமாறி, கடைசியில் குமணன் முகத்தில் போய் நிற்கிறது. உங்கள் கவிதையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கோடு இழுத்துப் பாருங்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அது மேடைப் பேச்சு.

அடுத்தது வாக்கிய அமைப்பு. 'வீடுகள் அகற்றப்பட்டன', 'மக்கள் மறுகுடியமர்த்தப்பட்டனர்' என்று செய்தித்தாளில் வரும். இந்தப் '-ப்பட்ட' வினை வந்தால் செய்தவர் காணாமல் போய்விடுவார். வரைவில் '-ப்பட்ட' எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டு, செய்தவரை எழுவாயாக வைத்துத் திருப்பி எழுதுங்கள். ஆள் தெரியாவிட்டால் தெரிந்ததை எழுதுங்கள்: காக்கிச் சட்டை, மஞ்சள் ஜேசிபி, கையில் பட்டியல் வைத்திருந்தவர். அலுவலகச் சொற்களையும் அப்படியே விழுங்க வேண்டாம். அவர்கள் 'ஆக்கிரமிப்பு' என்பதை உங்கள் பாட்டி என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? வீடு என்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியது 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. தெருவில் இன்றும் 'ஹவுசிங் போர்டு'தான். மூன்று பெயரும் மூன்று பேருடைய வாய். கவிதையில் யார் பேசுகிறாரோ அவர் வாயில் வரும் பெயரைப் போடுங்கள். அதிகாரியின் சொல்லை அதிகாரி வாயில் வைத்தால் அதுவே ஒரு வரி ஆகும். அதற்கு அடுத்த வரியில் பாட்டியின் சொல்லை வையுங்கள். விளக்கம் தேவைப்படாது.

இனி 'நாம்', 'நாங்கள்'. தமிழில் எழுதுகிறவனுக்குக் கிடைத்த பெரிய கருவி இது. மிகப் பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. குடிசைகளை இடித்தவர்களுக்கு ஊருக்கு வெளியே வீடு கொடுக்கும் இடம் பெரும்பாக்கம். 'நாம் பெரும்பாக்கம் போகிறோம்' என்பதும் 'நாங்கள் பெரும்பாக்கம் போகிறோம்' என்பதும் ஒன்றில்லை. உங்கள் தெருக்காரர்களிடம் பாடினால் முதலாவது. அண்ணா நகர் அரங்கத்தில் வாசித்தால் இரண்டாவதுதான் நேர்மை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஒரே கவிதையில் 'நாங்கள்' என்று தொடங்கி, சரியான ஓரிடத்தில் 'நாம்' என்று மாற்றினால் அரங்கத்தில் இருப்பவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்த மாதிரி. ஒருமுறைக்கு மேல் செய்தால் பலன் போய்விடும்.

'நாம்' போடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வடசென்னையில் இருந்த பி அண்ட் சி துணி மில்லின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற சங்கம், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கம். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தில், தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அந்த மில்லைப் பற்றிப் பாடுகிறவர் 'தொழிலாளர் நாம்' என்று மட்டும் பாடினால் எரிந்த வீட்டுக்காரர் அந்த 'நாம்'-இல் இருக்கிறாரா என்று யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். உங்கள் தெருவிலும் நோட்டீஸ் எல்லோருக்கும் ஒன்றுபோல் வலிக்காது. பட்டா உள்ளவர், வாடகைக்கு இருப்பவர், குழாயடியில் தனியாக நிற்க வைக்கப்பட்டவர் என்று பார்த்துப் போடுங்கள்.

எதுகைக்கு வருகிறேன். வறுமை, பொறுமை, சிறுமை. இரண்டாம் எழுத்து 'று', முதல் எழுத்து எல்லாம் குறில், கச்சிதமான எதுகை. கடைசியில் 'மை' என்பதால் இயைபும் சேர்ந்து கிடைக்கிறது. அதனால்தான் கை தானாக இவற்றில் போய் விழுகிறது. 'மை' விகுதி வரும் சொற்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொருளின் பெயர்கள். அவற்றை வைத்து எதுகை பிடித்தால் ஓசை இருக்கும், காட்சி இருக்காது. எதுகையைத் தெருவிலிருந்து எடுங்கள். பட்டாளம் (பேட்டையின் பெயர்), (ஆட்டுத்)தொட்டி (ஆடு வெட்டும் இடம்), துட்டு, சட்டி, கட்டில் எல்லாம் ஓரினம். ஓட்டேரி இவற்றோடு சேராது, 'ஓ' நெடில். ஓட்டேரிக்குப் பாட்டு, வீட்டு, கூட்டம் சேரும். ஒரு பக்கம் முழுக்க இப்படித் தெருப் பெயர்களையும் வேலைப் பெயர்களையும் இரண்டாம் எழுத்து வாரியாக எழுதி வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு உதவும். உதாரணத்துக்கு ஒரு சரணம்:

பட்டாளம் தெருவெல்லாம் பாட்டிருந்த மனுசன்
தொட்டியில வேல செஞ்சி தூங்காத மனுசன்
துட்டு கொஞ்சம் சேத்து வச்சி தூக்கி வச்ச வீட்ட
நட்ட நடு வெயில்ல வந்து நம்பர் போட்டுப் போனான்

காலி செய்வதற்கு முன் வீட்டுச் சுவரில் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போவார்களே, அதுதான் கடைசி வரி. ஒரு குறை இருக்கிறது: போனவன் யார் என்று இல்லை. அடுத்த சரணத்தின் முதல் வேலை அதுதான்.

இந்த ஓசை கானாவின் ஓசை. அநியாயமும் உள்வலியும் சேர்ந்து வரும் கவிதைக்கு வடசென்னையில் பல தலைமுறையாக இருக்கும் பள்ளிக்கூடம் மரண கானாதான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் அந்த முறையை உட்கார்ந்து கவனியுங்கள். தாளம் இல்லாமல் நீட்டி இழுக்கும் தொகையறா முதலில் வரும். அங்கேதான் அழுகை. பிறகு டோலக் எழும், மூன்று மூன்றாகத் துள்ளும் நடையில் பல்லவி பிடிக்கும், கூட்டம் இரண்டாம் முறையே சேர்ந்துகொள்ளும். சரணத்தில் இறந்தவருடைய பெயர், தெரு, செய்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள். 'நல்ல மனிதர்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. எந்தச் சந்தில் யாருக்கு என்ன செய்தார் என்று சொல்வார்கள். அழுகையைத் தாளத்துக்குள் கொண்டுவரும் வித்தை அது. உங்கள் ராத்திரி நோட்டு தொகையறாவிலேயே நின்றுபோன பாட்டு.

திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தாரும் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது இதைத்தான் செய்தார். முப்புரத்தில் இட்ட தீ, தென்னிலங்கையில் இட்ட தீ என்று எங்கோ தொலைவில் தொடங்கி, 'அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே' என்று தன் வயிற்றுக்கு வந்து, கடைசியில் தன் கையில் இருக்கும் கொள்ளிக்கு வருகிறார். நான்கே அடி. உள்ளே எரிவது கட்டுக்குள் நிற்பது அந்த ஓசையால்.

கூட்டத்தில் சொல்லப்போகும் கவிதை என்றால் சில கைவேலைகள். ஒரு வரி ஒரு மூச்சில் முடிய வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 25 முதல் 30 வரி போதும். தமிழில் வினை கடைசியில் வருவதால், வரி முடியும்போது குரல் தேய்ந்து, நடந்தது என்ன என்பதே ஒலிபெருக்கியில் அமுங்கிவிடும். முக்கியமான வினையை முன்னே தூக்குங்கள். 'அம்மா உரிக்கிறா' என்பதைவிட 'உரிக்கிறா அம்மா' காதில் விழும். தெருக்கூட்டத்தில் பஸ் ஹாரன், ரயில், குழந்தை எல்லாம் இருக்கும். பேசின் பிரிட்ஜ் பக்கம் என்றால் ரயில் நிச்சயம். முக்கியமான வரி திரும்ப வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மொழி பற்றி. சென்னைத் தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். 'துட்டு' டச்சு நாணயத்தின் பெயர், 'பேஜார்', 'நாஸ்தா' உருது வழி வந்தவை, 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். துறைமுகமும் சந்தையும் பட்டாளமும் சேர்ந்து செய்த மொழி இது. தவறு நடப்பது வேறிடத்தில். சினிமா இந்த மொழியைச் சிரிப்புக்கும் சண்டைக்கும் மட்டும் வைத்துப் பழக்கிவிட்டது. அதனால் எழுதுகிறவர்களும் கோபம் வந்தால் சென்னைத் தமிழ், துக்கமோ அன்போ வந்தால் புத்தகத் தமிழ் என்று மாறிவிடுகிறார்கள். அப்படி மாறினால் இந்த மொழி பேசுகிறவருக்கு மென்மை தெரியாது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. 'கொயந்த தூங்கிக்கினு கீது' என்பதில் எவ்வளவு வாஞ்சை இருக்கிறது! எழுத்தில் அளவு வேண்டும்: ஒவ்வொரு 'ழ'வையும் 'ய'வாக மாற்றினால் படிக்கிறவர் எழுத்துக்கூட்டியே களைத்துவிடுவார். வினைமுற்றுகளில் '-க்கினு', 'கீது', 'துன்னு' போன்றவற்றை வைத்துவிட்டு மற்றச் சொற்களை வழக்கமான எழுத்தில் விட்டாலே குரல் வந்துவிடும்.

எல்லா அநியாயமும் கதவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. எண்ணூரை எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது எல்லோருக்கும் தெரிந்தது, வலையும் படகும் கறுத்த படம் வந்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு நாள் தேதி கிடையாது, ஒரு வில்லன் முகம் கிடையாது. இப்படி மெல்ல நடப்பதை எழுதப் பட்டியல் நல்ல வழி. பெரியவர் ஒருவரிடம் போய், முன்பு ஆற்றில் எது எது கிடைத்தது, எந்த மாதம், எந்த இடத்தில், எத்தனை கூடை என்று கேட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள்: மடவை, இறால், நண்டு. பக்கத்தில் இப்போது கிடைப்பதை எழுதுங்கள். இடையில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ஆனால் கேட்கும்போது அவர் கை என்ன செய்தது என்று பார்த்து வையுங்கள். கூடையின் அளவைக் கையால் காட்டியிருப்பார். கவிதையின் உடம்பு அந்தக் கைதான்.

இன்னொரு பக்கம், வடசென்னை என்றாலே சாக்கடை, குப்பை, கத்தி என்று எழுதிப் பழகிய கூட்டத்தில் நீங்களும் சேர வேண்டாம். கொடுங்கையூரில் பெரிய குப்பைக்கிடங்கு இருப்பது உண்மை. அதே பக்கத்தில் கேரம் போர்டும் ஃபுட்பாலும் குத்துச்சண்டையும் உண்மை. எதை இழக்கப்போகிறோம் என்று காட்டாமல் இழப்பை எழுத முடியாது.

ராத்திரி எழுத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். மனத்தில் அடைத்திருப்பதை எழுதுவதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் வைத்த அளவு, ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். அதையே பின்பற்றலாம். அடித்துத் திருத்தாமல், எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுங்கள், 15 நிமிடம் ஆனதும் மூடுங்கள். முடித்ததும் மனம் இன்னும் கனத்துப்போகும், அது வழக்கம்தான். அதனால் படுக்கப் போகும் நேரத்தில் எழுதாமல் சற்று முன்னதாக எழுதுங்கள். அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துச் சிவப்புப் பேனாவோடு திறந்தால், பத்துப் பக்கத்தில் உடம்பைப் பற்றிய ஒன்றிரண்டு வரிகள் உயிரோடு இருக்கும். அவற்றைப் பகல் நோட்டுக்குக் கொண்டுபோங்கள்.

நாட்கணக்கில் தூக்கம் இல்லை, எழுத எழுத இருட்டு கூடுகிறது, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் பேனாவை வைத்துவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், கட்டணம் கிடையாது, எந்த நேரமும், தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வைத்து நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒரு வசவு இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் உதவி கேட்பதில்லை. உங்கள் கவிதையில் அதை வசவாக ஒருபோதும் எழுதாதீர்கள். அதைக் கேட்டவன் உள்ளே என்ன ஆனான் என்று எழுதலாம்.

அம்மாவை எழுதினால் மேடைக்கு முன்னால் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். 'இத போடாத' என்று அவர் சொல்லும் வரி பெரும்பாலும் நல்ல வரியாகத்தான் இருக்கும். எடுத்துவிடுங்கள். அண்டை வீட்டார் கதை என்றால் பெயரும் கதவு எண்ணும் மாறட்டும், வேலையும் பொருளும் இருக்கட்டும். அதிகாரி ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டி அச்சில் போட்டால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. கவிதை என்பதால் விலக்கு இல்லை. பதவியையும் செயலையும் தேதியையும் எழுதினால் கவிதைக்கு அது போதும்.

கடைசியாக அந்த நோட்டீஸ். கவிதைக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எண், தேதி, எத்தனை நாள் கெடு, எந்தச் சட்டப் பிரிவு, யார் கையெழுத்து என்று தனித்தாளில் எழுதுங்கள். ஒட்டிய நாளையும் நேரத்தையும் பார்த்த இரண்டு பேர் பெயரையும் சேருங்கள். பிறகு 15100-ஐ அழையுங்கள், இலவசச் சட்ட உதவி எண். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் தர 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் மனுவை அம்மா பெயரில் போடலாம். பசை வாசத்தைப் பற்றி ராத்திரி எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கெடு தேதி இன்றைக்கே உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.